ஈரலைச் சுத்தம் செய்தால் தைராய்டு நோய் தீருமா?

சென்ற பங்குனி மாதத்துக் கூலிப் பட்டுவாடா நாளன்று நமது சங்க அலுவலகத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சங்கத்தில் அங்கத்தினராயிருந்து, தவணை தவறாது சேலை கொண்டுவந்து ஒப்படைக்கும் நெசவாளர் அம்மையார் ஒருவர் அன்று வெறுங்கையுடன் வந்து நின்றார். வழக்கமாகப் பதினைந்து நாளில் நெய்து இறக்கும் பாவு, ஒரு மாதம் கடந்தும் பாதியளவே முடிந்திருந்தது. முகம் வீங்கியிருந்தது, குரல் தடித்துக் கரகரத்தது. பங்குனி வெயிலிலும் முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தார். “கையெல்லாம் மரத்துப் போகுதுங்க. தறியிலே உட்கார்ந்தாத் தூக்கந்தான் வருதுங்க” என்று காரியதரிசியிடம் சொன்னார்.

விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. ஆறு ஆண்டுகளாகத் தைராய்டுச் சுரப்புக் குறைவுக்கு மாத்திரை உண்டு வந்தவர் அவர். தை மாதத்தில் தெருவுக்கு வந்த ஒரு வியாபாரி, “தைராய்டு நோயின் வேர் கழுத்தில் இல்லை, கல்லீரலில் இருக்கிறது. ஈரலில் சேர்ந்த அழுக்கைக் கழுவிவிட்டால் மாத்திரையே வேண்டாம்” என்று சொல்லி, ஒரு டப்பா சூரணத்தை 900 ரூபாய்க்கு விற்றுச் சென்றிருக்கிறார். அம்மையார் சூரணத்தைத் தொடங்கி, மாத்திரையை நிறுத்திவிட்டார். முதல் மூன்று வாரம் சுகமாகவே இருந்ததாம். இரண்டாம் டப்பாவும் வாங்கினார். அதன் பிறகுதான் தறியில் உட்கார முடியாமற் போயிற்று. காரியதரிசியின் வற்புறுத்தலின் பேரில் ஆஸ்பத்திரிக்குச் சென்று இரத்தப் பரீட்சை செய்ததில், 4 என்ற அளவுக்குள் இருக்க வேண்டிய டி.எஸ்.எச். 62 ஆக இருந்தது.

இது ஒரு வீட்டுச் செய்தி மட்டுமாயிருந்தால் நாம் பத்திரிகையில் எழுதியிருக்க மாட்டோம். சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் வயது வந்தோரிடையே நடத்தப்பெற்று 2013-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, ஏறக்குறைய ஒன்பது பேரில் ஒருவருக்குத் தைராய்டுச் சுரப்புக் குறைவு இருப்பதாகக் கண்டது. ஆண்களைக் காட்டிலும் பெண்களிடையே இந்நோய் மிகுதி. நமது தறிக்கூடங்களிலும் தோட்டங்களிலும் இம்மாத்திரையை உண்போர் பலர் இருக்கிறார்கள் என்பது யாவரும் அறிந்ததே. அவர்களில் வேறு எவரேனும் ஒரு டப்பாவை நம்பி மாத்திரையைக் கைவிட்டிருக்கக்கூடும். நாம் வைத்தியர் அல்லோம். ஆயினும் வைத்தியர்களை விசாரித்தும், நூல்களைப் படித்தும் தெரிந்துகொண்டதை அங்கத்தினர் முன் வைப்பது நமது கடமை.

கழுத்தின் முன்புறம் குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது தைராய்டுச் சுரப்பி. உணவில் வரும் அயோடினைக் கொண்டு அது தைராக்ஸின் என்னும் சுரப்புநீரை உண்டாக்கி இரத்தத்தில் விடுகிறது. இதயம் எவ்வளவு விரைந்து அடிக்க வேண்டும், உடம்பில் எவ்வளவு சூடு இருக்க வேண்டும், குடல் எவ்வளவு சுறுசுறுப்பாக இயங்க வேண்டும் என்பவற்றையெல்லாம் ஒழுங்குசெய்வது இந்நீரே. இது குறையும்போது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, “இன்னும் வேண்டும்” என்று தைராய்டை முடுக்குவதற்காக டி.எஸ்.எச். என்ற மற்றொரு நீரை மிகுதியாக அனுப்புகிறது. ஆகவே டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

சுரப்புக் குறைந்தவருக்குச் சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்தல், தோல் வறட்சி, எடை கூடுதல், மாதவிலக்கில் மிகுந்த உதிரப்போக்கு முதலியன தோன்றும். நெசவாளர் கவனிக்க வேண்டிய குறி மற்றொன்று உண்டு. மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டு விரல்கள் மரத்துப்போவது இந்நோயில் அடிக்கடி காணப்படுவது. தறி வேலையாலேயே கை மரக்கிறது என்று எண்ணித் தைலம் தடவிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கழிப்போர் நம்மிடையே உண்டு. தறியும் காரணமாகலாம், தைராய்டும் காரணமாகலாம். ஓர் இரத்தப் பரீட்சை அதைத் தெளிவாக்கிவிடும்.

அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில் இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது, உடம்பின் காவற்படை தவறிப்போய்த் தன் சுரப்பியையே பகையென்று தாக்கி அழிப்பதாகும். 1912-இல் ஜப்பானிய வைத்தியர் ஹகாரு ஹஷிமோட்டோ முதன்முதலாக விவரித்ததால் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. அறுவை சிகிச்சையில் சுரப்பியை எடுத்துவிட்டவர்களுக்கும் சுரப்புக் குறைவு உண்டாகிறது. இவற்றில் எதிலும் ஈரலின் அழுக்கு என்று ஒன்று காரணமாக வருவதில்லை.

நோய் கண்டவருக்கு முற்காலத்தில் யாதொரு கதியும் இல்லை. 1891-இல் இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்து வைத்தியர் ஜார்ஜ் மர்ரே, 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார். சாகும் தறுவாயிலிருப்பவரைப் போல் கிடந்த அந்த அம்மையார் எழுந்து நடமாடலானார். 1919 வரை, 74 வயது வரை வாழ்ந்தார். அவர் ஒருவருக்காக 870 ஆடுகளுக்கு மேற்பட்டவற்றின் சுரப்பிகள் செலவாயின. 1914-இல் அமெரிக்காவில் எட்வர்டு கெண்டல் தைராக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927-இல் ஹாரிங்டனும் பார்ஜரும் அதை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்து காட்டினர். இன்று நாம் உண்ணும் லிவோதைராக்ஸின் மாத்திரை அந்த வரிசையில் வந்தது. உடம்பு செய்ய வேண்டிய பொருளையே அது உடம்புக்குக் கொடுக்கிறது. உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும், நமது நாட்டின் தேசியப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ள இம்மாத்திரைக்கு ஒரு நாளைக்கு ஓரிரு ரூபாய்க்கு மேல் செலவாவது அரிது. சூரண டப்பாவின் விலையை இதனுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதை அங்கத்தினரிடமே விட்டுவிடுகிறோம்.

இனி வியாபாரியின் வாதத்திற்கு வருவோம். அதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. பாதி மெய் அதில் இருக்கிறது. பாதி மெய்யாயிருப்பதனாலேயே படித்தவரும் ஏமாறுகிறார்கள். தைராய்டு பெரும்பாலும் வெளிவிடுவது டி.4 என்ற வடிவம். உடம்பின் செல்கள் நேரே பயன்படுத்துவது டி.3 என்ற வடிவம். டி.4-இலிருந்து ஓர் அயோடின் அணுவைக் கழித்து டி.3 ஆக மாற்றும் வேலை பெரும்பாலும் சுரப்பிக்கு வெளியே, ஈரல், சிறுநீரகம், தசை முதலிய உறுப்புகளில் நடக்கிறது. உடம்பிலுள்ள டி.3-இல் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இவ்வாறு மாற்றத்தினால் வருவதே. “மாற்றுவது ஈரல், ஈரல் அழுக்கேறியதால் மாற்றம் நின்றது, அழுக்கை நீக்கினால் தைராய்டு சரியாகும்” என்பது விற்போரின் கூற்று.

நமக்குத் தெரிந்த தொழிலைக் கொண்டே இதைச் சிந்திப்போம். மில்லிலிருந்து நூல் வருகிறது. தறிகளில் அது துணியாகிறது. மில் எரிந்துபோய் நூல் வரத்து நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒருவர் வந்து, “உங்கள் தறிக்கூடத்தைப் பெருக்கி மெழுகினால் துணி வரும்” என்றால் நாம் என்ன சொல்வோம்? கூடத்தைப் பெருக்குவது நல்லதுதான். ஆனால் நூலில்லாத தறியில் துணி வராது. சுரப்புக் குறைந்தவருக்கு இல்லாதிருப்பது டி.4 என்னும் நூல். மாத்திரை அந்நூலைக் கொண்டுவந்து தருகிறது. வந்த நூலைப் பெரும்பாலோருடைய உடம்பு தானே வேண்டிய அளவு டி.3 ஆக நெய்துகொள்கிறது. ஈரல் ஒன்றுதான் தறி என்பதுமில்லை. வேறு பல உறுப்புகளிலும் தறிகள் உண்டு. ஈரல் கெட்டிறுகிய நோயாளிகளிடம் டி.3 குறைவது உண்மையே. ஆனால் அவர்களிலும் பெரும்பாலோருக்கு டி.எஸ்.எச். இயல்பாகவே இருக்கும். அது வேறு நோய்; அதற்கு வேறு வைத்தியம்.

ஈரலில் அழுக்குத் தேங்குகிறது என்ற எண்ணத்தையும் சற்று ஆராய வேண்டும். சாயப்பட்டறையில் வடிகட்டும் துணியில் கசடு தங்குவதைப்போல ஈரலிலும் விஷங்கள் படிந்து கிடப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். ஈரல் வடிதுணி அன்று. அது ஒரு பட்டறை. வளர்ந்தவருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள அவ்வுறுப்பு, உணவின் புரதம் சிதைவதால் உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் போக்குகிறது. பழைய இரத்த அணுக்களின் கழிவைப் பித்தத்துடன் குடலுக்குத் தள்ளுகிறது. சாராயத்தையும் மருந்துகளையும் வேறு பொருள்களாக மாற்றி வெளியேற்றுகிறது. இவ்வேலை இரவும் பகலும் ஓயாது நடக்கிறது. ஈரலுக்குக் கேடு உண்டாவதில்லை என்று நாம் சொல்லவில்லை. கொழுப்புச் சேரலாம், மஞ்சட்காமாலைக் கிருமி தாக்கலாம், குடி அதைக் குலைக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு, பரீட்சையுண்டு. “அழுக்கு” என்ற நோய்க்கு மட்டும் பெயரில்லை. எந்த விஷம், எவ்வளவு இருந்தது, சூரணத்திற்குப் பின் எவ்வளவு குறைந்தது என்று அளந்து காட்டிய விற்பனையாளரை நாம் இதுவரை கண்டதில்லை.

ஒரு மருந்தின் மெய்யை அறிய நேர்மையான வழி ஒன்று உண்டு. அதை நமது நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். 1956-இல் ஹிமாசலத்தைச் சார்ந்த காங்ரா பள்ளத்தாக்கில், டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய தோழர்களும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பிரதேசத்தை மூன்று வட்டங்களாகப் பிரித்தனர். இரண்டு வட்டங்களுக்கு அயோடின் கலந்த உப்பு. ஒரு வட்டத்திற்குச் சாதாரண உப்பு. ஆறு ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட வட்டங்களில் கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. மற்ற வட்டத்தில் குறையவில்லை. அதன்பின் அந்த வட்டத்தாருக்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறப்பதற்கு இதுவே ஆதாரமாயிற்று. கொடுத்தவர், கொடாதவர் என்று இரு சாராரை ஒப்பிட்டுப் பார்ப்பதே இதன் உயிர்.

ஈரல் சுத்திகரிப்பு மருந்துகள் அப்படிப்பட்ட சோதனைக்கு உட்பட்டனவா? உடம்பின் விஷத்தை நீக்குவதாகக் கூறி விற்கப்படும் உணவு முறைகளைப்பற்றி ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் 2015-இல் தொகுத்து வெளியிட்ட கட்டுரையில், வியாபார முறைகளுள் ஒன்றுகூட அத்தகைய ஒப்பீட்டுச் சோதனையில் மனிதரிடம் பரீட்சிக்கப்பட்டதாகக் காணவில்லை என்று எழுதினர். தைராய்டு நோயாளியின் டி.எஸ்.எச்.சை ஈரல் சுத்திகரிப்பு இறக்கியதாகக் காட்டும் நம்பத்தக்க சோதனை எதுவும் நமது தேடலில் அகப்படவில்லை.

இதையொட்டி ஒரு வேடிக்கையான செய்தியும் உண்டு. எலுமிச்சைச் சாற்றுடன் ஆலிவ் எண்ணெயைக் குடித்துப் படுத்தால் மறுநாள் பச்சை நிறக் கற்கள் மலத்துடன் வெளிவரும், அவை ஈரலிலும் பித்தப்பையிலும் இருந்த கற்கள் என்று சொல்லி ஒரு முறை மேல்நாடுகளில் பரவியது. இப்போது நம் ஊர்களிலும் தலைகாட்டுகிறது. நியூஸிலாந்தில் ஒரு பெண்மணி அவ்வாறு வந்த “கற்களை”ப் பத்திரப்படுத்தி வைத்தியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார. சோதித்ததில் அவை கற்களே அல்ல. குடித்த எண்ணெய் வயிற்றுக்குள் சோப்பாகத் திரண்டவை. எண்ணெயமிலத்தையும் எலுமிச்சைச் சாற்றையும் காரத்துடன் கலந்து மேசைமீதே அத்தகைய உருண்டைகளைச் செய்து காட்டினர். இது 2005-இல் லான்செட் பத்திரிகையில் வெளியாயிற்று.

அப்படியானால் சூரணம் உண்டவர் பலர் “சுகமாயிருக்கிறது” என்று சொல்வது ஏன்? அவர்கள் பொய் சொல்வதாக நாம் கருதவில்லை. தைராய்டுக் குறைவினால் குடல் மந்தப்பட்டிருக்கும். சூரணத்தில் பேதிச் சரக்கு இருந்தால் வயிறு கழிந்து உடம்பு இலேசாகும். நீர் போவதால் தராசிலும் ஒரு கிலோ குறையும். நோயின் ஒரு குறிக்குக் கிடைத்த நிவாரணம் நோய்க்கே கிடைத்ததாகத் தோன்றுகிறது. அடுத்தது இன்னும் நுட்பமானது. உண்ட தைராக்ஸினில் பாதியளவு கழிவதற்கே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. ஆகவே மாத்திரையை நிறுத்தியவர் உடனே சரிந்துவிடுவதில்லை. உடம்பிலுள்ள இருப்பைக்கொண்டு சில வாரம் ஓட்டுகிறார். அந்த நாட்களின் நலத்தைச் சூரணத்தின் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறார். நமது அம்மையாரின் முதல் மூன்று வாரச் சுகம் பழைய மாத்திரையின் மிச்சமே. இருப்பு தீர்ந்ததும் கடன் கழுத்தைப் பிடித்தது. மற்றொரு வகையினரும் உண்டு. பிரசவத்திற்குப் பின் வரும் சுரப்புக் குறைவு பலருக்குச் சில மாதங்களில் தானே நீங்குவதுண்டு. டி.எஸ்.எச். சிறிதளவே ஏறியிருப்பவர்களில் பலருக்கு, ஒன்றும் செய்யாமலே அடுத்த பரீட்சையில் இறங்கிவிடுவதும் உண்டு. அந்த இடைவேளையில் எதைத் தின்றிருந்தாலும் அதற்கே புகழ் போகும்.

நாட்டு மூலிகைகளை இகழ்வது நமது நோக்கமன்று. கீழாநெல்லியைக் கொண்டு மஞ்சட்காமாலைக்கு வைத்தியம் செய்வது நம் முன்னோர் வழக்கம். சென்னையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ்-பி கிருமியைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து, அதனைச் சோதித்து 1988-இல் லான்செட்டில் வெளியிட்டனர். மூலிகை உண்ட 37 பேரில் 22 பேருக்கும், வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கும் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. நம் ஊர் வேலியோரத்துச் செடிக்கு உலகப் புகழ் வந்தது என்று பலரும் மகிழ்ந்தனர். ஆனால் பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகள் அப்பலனைக் காட்டவில்லை. 2011-இல் வெளியான தொகுப்பாய்வு, வெற்று மருந்தைவிட மேலானது என்பதற்குத் தக்க ஆதாரமில்லை என்றே முடிவு கூறிற்று. இவ்வளவு கௌரவமாகச் சோதிக்கப்பட்ட மூலிகையின் நிலையே இதுவென்றால், பெயரும் அளவும் அச்சிடாத டப்பாவைப்பற்றி என்ன சொல்வது? மேலும் கீழாநெல்லி சோதிக்கப்பட்டது ஈரற்கிருமிக்காகவே, தைராய்டுக்காக அன்று.

பயனில்லாவிட்டாலும் தீங்கில்லை என்று சிலர் சமாதானம் கூறலாம். அதுவும் சரியன்று. ஈரலைக் காப்பதாகச் சொல்லி விற்கப்படும் சில சரக்குகளே ஈரலைத் தாக்கியிருக்கின்றன. கொரோனாத் தொற்றுக் காலத்தில் சீந்தில் கொடியை உட்கொண்டு ஈரல் அழற்சி கண்டவர்களைப்பற்றி 2021-இல் மும்பை வைத்தியர்கள் எழுதினர். பச்சைத் தேயிலைச் சத்து மாத்திரைகளாலும், மஞ்சட்சத்துடன் மிளகுச் சத்தைச் சேர்த்த குளிகைகளாலும் ஈரல் கெட்டவர்கள் உண்டு. (ஈரோட்டு மஞ்சள் விவசாயிகள் கலவரப்பட வேண்டாம், குழம்பில் இடும் மஞ்சளை யாரும் குற்றம் சொல்லவில்லை. செறிவூட்டிய குளிகையே வழக்கில் நிற்பது.) அமுக்கராக் கிழங்கு ஈரலையும் வருத்தலாம், தைராய்டு நீரின் அளவையும் ஏற்றலாம். கடற்பாசித் தூள் சேர்ந்த சரக்கில் அயோடின் மிதமிஞ்சி இருக்கும். தளர்ந்த சுரப்பியை அது மேலும் தளர்த்தக்கூடும். முடிக்கும் தோலுக்கும் என்று சேர்க்கப்படும் பயோட்டின் மிகுதியாயிருந்தால், சில ஆய்வுக்கூட முறைகளில் டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டிவிடும். நோய் அப்படியே இருக்க, தாளில் மட்டும் குணமாகிவிடும்! சூரணத்தில் கால்சியம், இரும்பு முதலியன கலந்திருந்தால், அதே வேளையில் உண்ட தைராய்டு மாத்திரையை அவை குடலிலேயே பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் தடுக்கும்.

ஈரலுக்கும் தைராய்டுக்கும் உண்மையான உறவு ஒன்று உண்டு. அது வியாபாரி சொன்னதற்கு நேர்மாறான திசையில் ஓடுகிறது. தைராய்டு நீர் குறைந்தால், இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பை ஈரல் வாங்கி அகற்றும் வேகம் குறைகிறது, கொலஸ்ட்ரால் ஏறுகிறது. ஈரலில் கொழுப்புப் படிவதும் இவர்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. மாத்திரையால் தைராய்டு அளவு சீரடையும்போது கொலஸ்ட்ராலும் இறங்குகிறது. இவ்வுறவைக் கொண்டே, ஈரலிலுள்ள தைராய்டு ஏற்பிகளைத் தூண்டும் ரெஸ்மெடிரோம் என்ற மருந்தைச் செய்து, தழும்பு கண்ட கொழுப்பு ஈரல் நோய்க்கு அமெரிக்க அரசாங்கம் 2024 மார்ச்சில் அனுமதி அளித்தது. தைராய்டைச் சரிசெய்தால் ஈரலுக்கு நன்மை. ஈரலைக் கழுவினால் தைராய்டுக்கு நன்மை என்பதற்கு ஆதாரமில்லை.

மாத்திரை உண்டும் சோர்வு தீரவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களே பெரும்பாலும் டப்பாவுக்கு இரையாகிறார்கள். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மாத்திரை உண்ணும் முறையை. விடியற்காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் உண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியும் பலகாரமும் கொள்ள வேண்டும். காப்பியுடன் விழுங்கினால் பயன் குறைந்துவிடும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கிராமச் சுகாதாரச் செவிலியர் தரும் இரும்புச் சத்து மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் ஒரே கையில் வைத்து விழுங்குவதை நாமே கண்டிருக்கிறோம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்துக்கொண்டால் தொல்லை இல்லை. வெயில் காயும் தகரக் கூரைக்கடியிலும், சாயம் காய்ச்சும் அடுப்புப் புறத்திலும் மாத்திரைப் புட்டியை வைக்கலாகாது; சூடும் ஈரமும் ஒளியும் அதன் வீரியத்தைக் குறைக்கும். அளவு மாற்றிய பின் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பரீட்சை செய்தால்தான் உண்மை நிலை தெரியும். இவ்வளவும் செய்தும் சோர்வு நீங்காவிட்டால், இரத்தசோகை, சர்க்கரை, தூக்கக் குறைவு என்று வேறு காரணங்களை வைத்தியர் தேட வேண்டும்.

கர்ப்பிணிகளைப்பற்றித் தனியாக ஒரு வார்த்தை. முதல் சில மாதங்களில் கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு நீரே ஆதாரம். மாத்திரை உண்டு வருபவருக்குக் கர்ப்பம் தரித்தவுடன் அளவை ஏறக்குறைய கால் பங்கு அல்லது அதற்கு மேலும் கூட்ட வேண்டியிருக்கும். அந்நேரத்தில் சூரணத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவது இரண்டு உயிர்களைப் பணயம் வைப்பதாகும். வீட்டில் மாமியாரோ, நாத்தனாரோ வேண்டாமென்று சொன்னாலும் வைத்தியரைக் கேளாமல் நிறுத்தலாகாது.

சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளி விவசாயிகள், “கிழங்கு தின்றால் தைராய்டு வருமாமே?” என்று கேட்கிறார்கள். மரவள்ளியிலுள்ள ஒரு வகைப் பொருள் உடம்பில் மாறி, சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுக்கக்கூடியது உண்மை. அயோடின் மிகக் குறைந்த தேசங்களில் அதையே தினசரி உணவாகக் கொண்டவர்களுக்கு அது தீங்காயிற்று. நன்றாக வேகவைத்து, அயோடின் உப்பிட்டு, மற்ற உணவுகளுடன் அளவாக உண்பவர் அஞ்ச வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது உப்பைப்பற்றித்தான். தூத்துக்குடியில் மலைபோல் உப்பு விளைவிக்கும் நமது மாநிலத்தில், 2018-19-இல் எடுத்த கணக்கின்படி போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் நூற்றுக்கு 62 அளவே. அயோடின் சேராத கல்லுப்பின்மீது நமக்குள்ள பற்று இதற்கு ஒரு காரணம். ஆனால் சுரப்பி ஏற்கெனவே அழிந்தவருக்கு அதிக அயோடின் மருந்தாகாது என்பதையும் மறக்கலாகாது.

நமது அம்மையாருக்கு ஆஸ்பத்திரியில் மீண்டும் மாத்திரை தொடங்கினார்கள். வைகாசிக் கடைசியில் செய்த பரீட்சையில் டி.எஸ்.எச். 9 ஆக இறங்கியிருந்தது. அளவைச் சற்றுக் கூட்டினார்கள். ஆவணியில் 3.2. விரல் மரப்பு முழுவதும் நீங்கச் சில மாதம் ஆகும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். இரண்டாம் டப்பாவில் பாதிக்குமேல் மிச்சமிருந்த சூரணத்தைக் கொட்டிவிட்டு, அதில் தார்க்குச்சிகளைப் போட்டு வைத்திருக்கிறார். நின்றுபோன பாவை முடித்து, சென்ற மாதம் சேலைகளைச் சங்கத்தில் ஒப்படைத்தார்.